மார்கழிக் காலையில் தையல் மெஷின் ஏன் கனக்குது?



ஆனையூர் பகுதியில் குழுக்கடன் வாங்கித் தையல் மெஷின் போட்டிருக்கும் உறுப்பினர்கள் மார்கழி வந்தால் ஒரு குறை சொல்வார்கள்: "காலையில மிதிக்கவே முடியல, வெயில் ஏறினாத்தான் ஓடுது." பொங்கல் துணி குவியும் நேரத்தில் காலைவேலை நின்றால் கூலியும் நிற்கும், தவணையும் தள்ளிப்போகும். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நாம் பார்க்க வேண்டியது, மெஷினுக்கு எந்த எண்ணெய் விட்டோம் என்பதைத்தான்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையத் தொடங்கும். மதுரைப் பக்கம் மார்கழி விடியலில் 20, 21 டிகிரிக்கு இறங்கிவிடும். பாட்டிலில் எண்ணெய் கட்டியாகிறதே, அதேதான் மெஷினுக்குள்ளும் நடக்கும். இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவில் படலமாக நிற்பதுதான் எண்ணெயின் வேலை. உறைந்த எண்ணெய் அந்த இடத்துக்கு ஓடாது.

அப்போ நல்லெண்ணெய், கடலை எண்ணெய் விடலாமா? இந்தக் குளிருக்கு அவை உறையாது. ஆனால் நாளாக நாளாகக் காற்றுப் பட்டுப் பிசினாகி, நூல் தூசியோடு ஒட்டிக்கொள்ளும்.

மெஷின் எண்ணெய் கச்சா எண்ணெயிலிருந்து வருவது. அதில் கலந்திருக்கும் மெழுகுதான் குளிரில் எண்ணெயை இறுக்கும். அதைச் சுத்திகரிப்பு ஆலையில் பிரித்துவிடுகிறார்கள். மெழுகுவர்த்தி செய்யும் மெழுகு அதுதான்! மெழுகு நீங்கிய எண்ணெய் கொடைக்கானல் குளிரிலும் ஓடும்.

பைக் ஆயிலும் வேண்டாம். டப்பாவில் 20டபிள்யூ-40 என்று இருக்கும். 'டபிள்யூ' என்றால் 'விண்டர்', அதாவது குளிர்காலம். அதற்கு முன்னுள்ள எண் குறையக் குறைய குளிரில் சுலபமாக ஓடும். ஆனாலும் அது சூடான இஞ்சினுக்கான எண்ணெய். தையல் மெஷினுக்குக் கனம்.

நாம் செய்ய வேண்டியது:

1. ஷட்டில், பல் பகுதிகளில் உள்ள தூசியை பிரஷால் எடுங்கள்.
2. எண்ணெய்த் துளைகளில் மெஷின் எண்ணெய் ஓரிரு சொட்டு விட்டு, நூல் கோக்காமல் ஓட்டுங்கள். கறுப்பாக வெளிவரும் அழுக்கைத் துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள்.
3. முதல் தையலைப் பழைய துணியில் போடுங்கள். கறை படாது.
4. கனத்தால் பலமாக மிதிக்காதீர்கள்.

சந்தேகமா? இரண்டு மூடிகளில் தேங்காய் எண்ணெயும் மெஷின் எண்ணெயும் ஊற்றி, ராத்திரி வாசலில் வையுங்கள். விடிந்ததும் சாய்த்துப் பாருங்கள். எது ஓடுகிறதோ அதுவே மெஷினுக்கு!