தோளில் பை மாட்டிக்கொண்டு... பிள்ளையோடு ஒரு நாள்!

"லீவு விட்டாச்சு, எங்கேயாவது கூட்டிட்டுப் போங்களேன்ப்பா!" என்று உங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளை நச்சரிக்கிறதா? ஊட்டிக்கு ரிசர்வேஷன் கிடைக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறுங்கள். எண்ணூர், மீஞ்சூர் தாண்டி, பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்கு பஸ். 1613-ல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டை கட்டிய ஊர். கோட்டை அழிந்துவிட்டது. ஆனால், செதுக்கிய கல்லறைகளோடு டச்சு இடுகாடு இருக்கிறது. பனிக்காலத்தில் ஏரிக்குப் பூநாரைகள் வரும்.

முன்பதிவு தேவையில்லாத ரயில். அதனால், கிளம்பும் நேரத்தையும் இருட்டுவதற்குள் வீடு திரும்புவதையும் மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள். வண்டி நேரம் விசாரிப்பது, செலவுக் கணக்கு எல்லாம் பிள்ளை பொறுப்பு. ஒரு ரயிலைத் தவறவிட்டால் திட்டாதீர்கள். அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும்போதுதான், வீட்டில் வாயே திறக்காத பிள்ளை மனசுவிட்டுப் பேசும்!

பை கனக்கக் கூடாது. பள்ளிப் பை உடல் எடையில் பத்து சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய அரசின் 2020 கொள்கை. அதே கணக்கு இதற்கும் பொருந்தும். 50 கிலோ பிள்ளைக்கு 5 கிலோ பை. புளிசாதம், தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், தொப்பி போதும். புது ஷூ வேண்டாம், காலைக் கடிக்கும். தலைவலி, கிறுகிறுப்பு என்றால் உடனே நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். சரியாகாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு. 2011 டிசம்பர் 25-ல் இந்த ஏரிப் பக்கம் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். எவ்வளவு கெஞ்சினாலும் படகு வேண்டாம். கரையில் நின்று பாருங்கள், பூநாரை அங்கிருந்தும் அழகுதான்!