எலி மருந்து தின்ற எலி ஏன் உடனே சாவதில்லை?

வரம்போரம் வைத்த மருந்தை எலி ராத்திரியே தின்றுவிடும். மறுநாளும் ஓடித் திரியும். சில நாள் கழித்துத்தான் செத்துக் கிடக்கும். ஏன் இந்தத் தாமதம்?

இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயலை நினையுங்கள். வரம்பு உடைந்தால் மண்மூடை வைத்து அடைப்போம். காயத்தை அடைக்க உடலிலும் மூடைகள் உண்டு: இரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள். அவற்றை ஈரல் செய்கிறது.

மூடை நிரப்ப மண்வெட்டி வேண்டுமே? அதுதான் விற்றமின் கே. வேலை செய்யச் செய்ய அது மழுங்கும். ஒரு நொதியம் அதைத் தீட்டித் தரும். புரோடிஃபாகம் என்ற எலி நஞ்சு, தீட்டுபவரின் கையைக் கட்டிவிடுகிறது.

கையிருப்பு மூடைகள் தீரும்வரை ஒன்றும் தெரியாது. தீர்ந்தபின் சிறு உடைப்பும் அடைபடாது.

மனிதருக்கும் இதே கதிதான். 2018இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் செயற்கைக் கஞ்சா புகைத்த 150க்கும் மேற்பட்டோருக்கு மூக்கிலும் முரசிலும் சிறுநீரிலும் இரத்தம் கசிந்தது. புகைத்த சரக்கில் புரோடிஃபாகம் கலந்திருந்தது. சிலர் இறந்தனர்.

வைத்தியம்? புது மண்வெட்டிகளை அள்ளிக் கொடுப்பது, அதாவது விற்றமின் கே. நஞ்சு ஈரலில் நெடுநாள் தங்குவதால் மாத்திரையும் மாதக்கணக்கில் வேண்டும். கீரையில் விற்றமின் கே இருந்தாலும், வல்லாரையும் முருங்கையிலையும் இதற்குப் போதா.

பிள்ளை எலி மருந்தை வாயில் வைத்துவிட்டதா? "நல்லாத்தானே விளையாடுது" என்று காத்திருக்காதீர்கள். பைக்கற்றையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.