வாயைத் திறக்கும் தசையும் ஒரு துண்டுப் பாக்கும்

உண்கிறோம், பேசுகிறோம், ஓதுகிறோம், கொட்டாவி விடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் வாயைத் திறந்தாக வேண்டும். ஆனால் எந்தத் தசையால் அது திறக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

வாயை மூடுவதற்குக் கன்னத்திலும் நெற்றிப் பொட்டிலும் வலிய தசைகள் உள்ளன. பல்லைக் கடித்தால் அவை புடைப்பதைத் தொட்டே அறியலாம். திறப்பதற்கு உதவும் தசைகளுள் ஒன்றோ தாடைக்கும் கழுத்துக்கும் இடையே ஒளிந்திருக்கிறது. மருத்துவர்கள் அதனை ‘டைகாஸ்டிரிக்’ என்பர். ‘இருவயிற்றுத் தசை’ என்பது அதன் பொருள்.

அமைப்பும் பணியும்

இத்தசையின் பின்பகுதி, காதுக்குப் பின்னுள்ள எலும்பு மேட்டின் உட்புறத்தில் தொடங்குகிறது. முன்பகுதி, மோவாயின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. இரண்டையும் நடுவில் ஒரு தசைநாண் இணைக்கிறது. அந்த நாண், தொண்டைக்கு மேலுள்ள நாவடி எலும்போடு பிணைக்கப்பட்டுள்ளது. முன்பகுதியை மூளையிலிருந்து வரும் ஐந்தாம் நரம்பின் கிளையும், பின்பகுதியை ஏழாம் நரம்பின் கிளையும் இயக்குகின்றன. கருவில் இவ்விரு பகுதிகளும் வெவ்வேறு வளைவுகளிலிருந்து உருவாவதே இதற்குக் காரணம்.

நாவடி எலும்பு நிலையாக நிற்கையில் இத்தசை தாடையைக் கீழே இழுக்கும், வாய் திறக்கும். தாடை நிலையாக நிற்கையில் நாவடி எலும்பை மேலே தூக்கும். உணவை விழுங்க உதவும். மோவாயின் கீழ் ஒரு கையை வைத்துத் தடுத்துக்கொண்டு வாயைத் திறக்க முயலுங்கள். மறு கை விரலால் மோவாயின் அடிப்புறத்தைத் தொட்டால், அங்குள்ள தசைகள் இறுகுவதை உணரலாம்.

தசை இருந்தும் வாய் திறவாத நிலை

இத்தசை நலமாக இருந்தும் வாய் திறக்க மறுக்கும் நோய் ஒன்று உண்டு. நாஞ்சில் நாட்டில் கமுகு வீட்டுத் தோப்பிலேயே நிற்கிறது. விருந்து முடிந்தால் வெற்றிலைத் தட்டு வருகிறது. ‘புகையிலைதானே கெடுதல், வெறும் பாக்கு என்ன செய்யும்?’ என்று கேட்பவர் பலர். பாக்கிலுள்ள பொருள்கள் கன்னத்தின் உட்சவ்வுக்கு அடியில் நார்த்திசுவை மிகுதியாக வளரச் செய்கின்றன. மென்மையான கன்னம் தோல்வார் போல இறுகுகிறது. திறக்கும் தசை இழுத்தாலும் கன்னம் நெகிழ்ந்து கொடுப்பதில்லை.

1952இல் ஷ்வார்ட்ஸ் என்னும் மருத்துவர் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் இந்நோயைக் கண்டு எழுதினார். 1953இல் பம்பாய் மருத்துவர் ஜோஷி இதனை விவரித்தார். நாளடைவில் இது புற்றுநோயாக மாறவும் கூடும். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் தருவதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட நூலில் உறுதி செய்தது.

வீட்டிலேயே ஒரு சோதனை

ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, மேல்-கீழ் முன்பற்களுக்கு இடையே நெடுக்காக நுழைத்துப் பாருங்கள். பெரும்பாலோருக்கு மூன்றும் நுழையும். இரண்டோடு நின்றுவிட்டாலும், மீன் குழம்பின் சிறு காரமே வாயை எரித்தாலும், கன்னத்தின் உட்புறம் வெளிறித் தடித்தாலும் பல் மருத்துவரிடம் காட்டுவதில் தாமதம் கூடாது. கடைவாய்ப்பல் சீழ், தாடை மூட்டு நோய் ஆகியவற்றாலும் வாய் திறவாமற் போகலாம். எது காரணம் என்பதை மருத்துவரே கூற வேண்டும்.

இறுகிய கன்னம் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. பாக்கை அறவே நிறுத்துவதே சிகிச்சையின் முதற்படி. பயிற்சியும் மருந்தும் அதன் பின்னரே பயன் தரும்.

தாய்மார்களே, வெற்றிலை இடிக்கும் பெரியவர்களின் மடியிலிருந்து குழந்தைகள் பாக்குத் துண்டை எடுத்துச் சுவைப்பதைச் செல்லமாகக் கருதாதீர்கள். நிக்காஹ் விருந்தின் தட்டில் பாக்குக்குப் பதிலாகப் பேரீச்சம்பழம் வைத்தால் விருந்தோம்பலில் குறை ஏதும் நேர்ந்துவிடாது.