வேடம் கட்டிய நீதிபதி



எங்கள் பந்தல்குடிப் பக்கத்தில் பங்குனிப் பொங்கல் என்றால் நாடகம் என்றே பொருள். கரிசல் காட்டில் பருத்தி எடுத்து முடித்து, கையில் நாலு காசு புழங்கும் காலம் அது. மதுரையிலிருந்து நடிகர்கள் வருவார்கள். ஆர்மோனியம் ஒலிக்க, ‘வள்ளி திருமணம்’ விடிய விடிய நடைபெறும். என் தந்தையார் முன்னால் பாய் விரித்து அமர்ந்து, கண் கொட்டாமல் பார்ப்பார். ஆனால் மறுநாள் நான் நாரதர் வேடக்காரரைப் போலப் பாடிக் காட்டினால், “கூத்தாடிப் பிழைக்கவா உன்னைப் படிக்க வைக்கிறேன்?” என்று அதட்டுவார். நாடகத்தைப் பார்க்கலாம், ஆனால் நடிக்கலாகாது. இது எங்கள் ஊரின் எழுதாச் சட்டம். எங்கள் ஊரில் மட்டுமன்று, தமிழ்நாடு முழுவதிலும் ஒரு காலத்தில் இதுவே சட்டமாக இருந்தது. அதனை உடைத்தவர் பம்மல் சம்பந்த முதலியார் அவர்கள்.

அவர் 1873-ஆம் ஆண்டில் பிறந்தவர். 1891-ஆம் ஆண்டு, அவர் கல்லூரி மாணவராக இருந்தபோது, பல்லாரி கிருஷ்ணமாச்சாரியார் தம் குழுவினருடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தினார். அக்குழுவில் நடித்தவர்கள் வயிற்றுப் பிழைப்புக்காக நடித்தவர்கள் அல்லர். வழக்கறிஞர்களும் உத்தியோகஸ்தர்களும் ஆகிய அவர்கள், கலை மீதிருந்த பற்றினால் மாத்திரமே வேடம் பூண்டவர்கள். ‘கற்றவர் தெலுங்கில் நடிக்கலாமென்றால், தமிழில் ஏன் நடிக்கலாகாது?’ என்ற எண்ணம் அந்த இளைஞரின் உள்ளத்தில் வேரூன்றியது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று, நண்பர்கள் சிலருடன் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார்.

பயில்முறை நாடக சபை என்பதன் அமைப்பை இங்கே சற்று விளக்க வேண்டும். அங்கே நடிகருக்குச் சம்பளம் இல்லை. பகலில் அவரவர் தொழில், மாலையில் ஒத்திகை. பெண் வேடங்களையும் ஆடவரே ஏற்றனர். முதலியாருடன் கதாநாயகியாகப் பல்லாண்டுகள் நடித்துப் புகழ்பெற்ற ரங்கவடிவேலு அவர்களும் அத்தகைய அன்பரே. தேசபக்தர் சத்தியமூர்த்தியும் அச்சபையின் மேடையில் தோன்றியவர்தாம். குறித்த நேரத்தில் திரை தூக்குவதும் பாடம் தவறாமல் பேசுவதும் அங்கே கண்டிப்பான ஒழுக்கங்கள்.

பாட்டே நாடகம் என்றிருந்த நாளில் அவர் உரைநடைக்கு முதலிடம் தந்தார். ‘மனோகரா’, ‘சபாபதி’ முதலாகத் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதினார். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ அவர் கையில் ‘அமலாதித்யன்’ ஆயிற்று. ‘மாக்பெத்’ ‘மகபதி’ ஆயிற்று. வழக்கறிஞராகத் தொழில் நடத்தி, 1924 முதல் 1928 வரை சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் விளங்கினார். நீதிபதி ஆனதனால் அவருடைய நாடகப் பற்றுக் குறைந்துவிடவில்லை.

அதே காலத்தில், தூத்துக்குடிக்கு அருகில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் தொழில்முறை நடிகர்களுக்குப் பாட்டும் பயிற்சியும் அளித்து வந்தார். எங்கள் கரிசல் காட்டு மேடைகளில் இன்றும் வாழ்வது அவர் மரபு. சுவாமிகள் நாடகத்தைத் தொழிலாகக் கொண்டோரை உயர்த்தினார். முதலியாரோ வேறு தொழில் செய்வோருக்கும் மேடையைத் திறந்துவிட்டார். இரண்டும் நமக்கு வேண்டியவையே.

தமிழ்த் திரை 1931-இல் பேசத் தொடங்கியது. மறு ஆண்டே ‘காலவ ரிஷி’ படத்துக்கு முதலியாரின் எழுத்து பயன்பட்டது. 1934-இல் ‘சதி சுலோசனா’ படத்தை அவரே இயக்கினார். 1936-இல் ‘மனோகரா’ படமானபோது, அறுபத்து மூன்று வயதில், மன்னர் புருஷோத்தமனாக நடித்தார். 1941-இல் ஏவி.எம். எடுத்த ‘சபாபதி’யைக் கண்டு சிரிக்காதவர் இல்லை. 1954-இல் சிவாஜி கணேசன் சங்கிலியுடன் கர்ஜித்த ‘மனோகரா’வுக்கும் மூலம் அவருடைய நாடகமே. பேசும்பட அனுபவங்களையும் அவர் நூலாக எழுதி வைத்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஆசிரியப் பயிற்சி முடித்து ஊர் திரும்பிய புதிதில், இளைஞர்களைச் சேர்த்து ‘சபாபதி’யை நடத்தினேன். மந்த புத்தியுள்ள எஜமானும் அவனினும் மந்தமான வேலைக்காரனும் ஒரே பெயரோடு படுத்தும் பாடுதான் அந்நாடகம். வேலைக்காரன் வேடம் எனக்கு. ஊர் சிரித்தது. மறு வாரம் மேலதிகாரி ஒருவர் என்னை அழைத்து, “கோமாளி வேடம் போட்ட வாத்தியாரை வகுப்பில் எவன் மதிப்பான்?” என்றார். நான் வாய் திறவாமல் வந்துவிட்டேன். ஆறு ஆண்டுகள் மேடைப் பக்கமே போகவில்லை.

பின்னர் ஒரு நாள் நூலகத்தில் ‘நாடக மேடை நினைவுகள்’ என் கையில் கிடைத்தது. அது முதலியார் தம் வாழ்வைத் தாமே எழுதியது. நீதிபதிக்கு இழுக்கில்லாத செயல் எனக்கு மட்டும் எங்ஙனம் இழுக்காகும்? மறுபடியும் ஒத்திகை தொடங்கினோம். இம்முறை வேலைக்காரன் வேடத்தைச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை செய்த ஓர் இளைஞருக்குக் கொடுத்தேன். அவருக்கு எழுத்து தெரியாது. பிறர் வாசிக்கக் கேட்டே மனப்பாடம் செய்தார். நாடகம் முடிந்த மறுநாள் மாலை, கையில் நோட்டுப் புத்தகத்தோடு என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். “சார், அடுத்த நாடகத்துக்கு என் வசனத்தை நானே வாசிக்கணும்” என்றார். அவருக்கு அரிச்சுவடி தொடங்கினேன். அன்றுதான், நான் வாய் மூடிக் கிடந்த அந்த ஆறு ஆண்டுகளின் நஷ்டம் எனக்கு உறைத்தது. அந்த ஆண்டுகளில் இன்னும் எத்தனை பேர் என் திண்ணைக்கு வந்திருப்பார்களோ!

முதலியார் 1959-இல் பத்மபூஷண் விருது பெற்று, 1964-இல் மறைந்தார். அவர் நாடகங்களை இன்று எவரும் தடையின்றி மேடையேற்றலாம். எங்கள் ஊரிலோ, பொங்கலுக்கு வசூலாகும் பணம் பெரும்பாலும் வெளியூர்க் கச்சேரிகளுக்கே போய்விடுகிறது. வெளியூர்க் கலைஞர் வரட்டும், வரவேற்போம். ஆயினும் மூன்று இரவுத் திருவிழாவில் ஓர் இரவையாவது ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாகாதா? அவர்களை அதட்டாமல் மேடையேற்றுவதே அப்பெரியாருக்கு நாம் செய்யும் மரியாதை.