வலி சொல்லாத தீக்காயம்

சென்ற மார்கழியில் ஓர் இரவு, கால்வலிக்கு இதமாக இருக்கட்டும் என்று வெந்நீர் வாளியில் பாதங்களை வைத்துக்கொண்டு நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாக இருந்ததை என் பாதங்கள் எனக்குத் தெரிவிக்கவில்லை. நான் நெடுநாள் நீரிழிவு நோயாளி. மறுநாள் காலையில் இடது பாதத்தில் பத்து ரூபாய் நாணய அளவில் ஒரு கொப்புளம். வலி இல்லை, ஆகவே சிறு காயம் என்று நானே தீர்ப்பளித்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் மருத்துவர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ‘வலிக்கவில்லை என்றுதானே சார் பேசாமல் இருந்துவிட்டீர்கள்?’ என்றார். அந்தப் புண் ஆற ஏழு வாரங்கள் ஆயின.

விலை என்பது ஒரு சமிக்ஞை, அது பழுதுபட்டால் சந்தை தவறாக முடிவெடுக்கும் என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லி வந்தவன் நான். வலியும் அப்படியொரு சமிக்ஞைதான் என்பதும், மிக மோசமான காயத்தில்தான் அது முதலில் பழுதுபடும் என்பதும் அதன் பிறகே எனக்கு உறைத்தது.

தீக்காயத்தில் மருத்துவர் முதலில் பார்ப்பது ஆழத்தை. மேல்தோல் மட்டும் சுட்டிருந்தால் அந்த இடம் வறண்டு எரியும்; கொப்புளம் இராது; பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். அதற்கடுத்த அடுக்கின் மேற்பகுதி வரை சூடு இறங்கியிருந்தால் கொப்புளம் எழும். அது உடைந்தால் அடியில் ஈரமான இளஞ்சிவப்புப் பரப்பு தெரியும். தொட்டால் கடுமையாக வலிக்கும். மெல்ல அழுத்தினால் வெளுத்து, விரலை எடுத்ததும் நிறம் திரும்பும். இதுவும் இரண்டு, மூன்று வாரங்களில் ஆறக்கூடியதே. இன்னும் ஆழம் போனால் நிறம் திரும்பாது, வலி மங்கும். முழுத்தோலும் வெந்துவிட்டால் அந்த இடம் வெண்மையாகவோ பழுப்பாகவோ பதனிட்ட தோலைப் போல் விறைத்திருக்கும். நரம்பு முனைகளே அழிந்துவிடுவதால் அங்கே வலி இருக்காது. அதாவது, அலறுகிறவரைவிட அமைதியாக இருப்பவரைப் பற்றியே அதிகம் கவலைப்பட வேண்டியிருக்கலாம்.

இங்கே ஒரு குறிப்பு. ‘தோல் சிவந்திருக்கும்’ என்று பாடநூல்கள் எழுதுவது வெள்ளையர் தோலை மனத்தில் கொண்டு. நம் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்பு எளிதில் புலப்படாது. சற்றே கருமை கூடியதுபோல் மட்டும் தோன்றலாம். கண்ணை மட்டும் நம்பாமல் வீக்கம், சூடு, தொடு உணர்ச்சி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது பரப்பு. காயம்பட்டவரின் உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, அவர் உடற்பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். குழந்தையின் காயத்தைக் குழந்தையின் கையால்தான் அளக்க வேண்டும், நம் கையால் அல்ல. பெரிய காயங்களுக்கு 1951-இல் வாலஸ் என்ற அறுவை மருத்துவர் வெளியிட்ட ‘ஒன்பதுகளின் விதி’ உண்டு: ஒரு கை 9, ஒரு கால் 18, உடலின் முன்புறம் 18, பின்புறம் 18 சதவீதம் என்று கணக்கு. வெறுமனே சிவந்த இடம் இந்தக் கணக்கில் சேராது.

ஆனால், பரப்பு சிறியது என்பதாலேயே காயம் சிறியதாகிவிடாது. முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் கொப்புளம் கண்டால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். குழந்தைகள், முதியோர், என்னைப்போன்ற நீரிழிவுக்காரர்கள் விஷயத்திலும் அப்படியே. மின்சாரம் தாக்கிய காயம் வெளியே ஒரு புள்ளியாகத் தெரியும். உள்ளே தசை வெந்திருக்கும். தீ விபத்தில் சிக்கியவரின் குரல் கம்மியிருந்தாலோ மூக்குமுடி கருகியிருந்தாலோ தோலில் கீறல்கூட இல்லாவிட்டாலும் 108-ஐ அழைக்க வேண்டும். எரிவாயு உருளைகள் புழங்கும் கடைத்தெருக்கள் நிறைந்த எங்கள் பகுதிக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. 2017 ஜூலையில், புழலுக்கு அருகிலுள்ள கொடுங்கையூரில் தின்பண்டக் கடையொன்றில் தீப்பிடித்து உருளை வெடித்தபோது ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். வேடிக்கை பார்க்க நின்றவர்கள் உட்படப் பலர் கருகினர்.

முதலுதவி ஒன்றுதான்: குளிர்ந்த ஓடும் நீரை 20 நிமிடங்கள் காயத்தின் மீது விடுவது. காயம்பட்டு மூன்று மணி நேரம் கழிந்திராத வரை இதனால் பயன் உண்டு என்கிறார்கள். பனிக்கட்டி கூடாது. வீக்கம் தொடங்குமுன் வளையல், மோதிரம், மெட்டியைக் கழற்றிவிட வேண்டும்.

சொல்வது எளிது. குழாயில் நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் 20 நிமிடத்துக்கு 100 லிட்டர். 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு வரிசையில் நின்ற வீடுகளில் அது எத்தனை குடம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். பாட்டி இங்க் புட்டியை எடுத்து ஊற்றுவதை அறியாமை என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனமில்லை. கையருகே மலிவாக இருப்பதைத்தானே எவரும் எடுப்பார்? குழாய் இல்லாவிட்டாலும் வழி உண்டு. சுத்தமான நீர் நிரம்பிய அகலப் பாத்திரத்தில் காயம்பட்ட கையை அமிழ்த்தி வைக்கலாம். நீர் வெதுவெதுப்பானால் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு வாளிகளில் காரியம் முடிந்துவிடும்.

இங்க், பற்பசை, இட்லி மாவு, காப்பித்தூள் ஆகியவற்றால் தொற்று ஏற்படக்கூடும் என்பது பலருக்கும் தெரியும். இன்னொரு கேடும் உண்டு. காயத்தின் நிறத்தை அவை மறைத்துவிடுகின்றன. ஆழத்தைக் கணிக்க மருத்துவருக்கு இருக்கும் முதல் சான்று அந்த நிறம்தான். அதைச் சுரண்டி எடுத்த பிறகே கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவானாலும், எங்களுக்கு அருகிலுள்ள ஸ்டான்லியானாலும் அவர்கள் வேலையைத் தொடங்க முடியும். நீர் ஊற்றி, சுத்தமான துணியால் தளர்வாக மூடி அழைத்துச் செல்வதே போதும். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டுக்கொண்டார் என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

முதல் நாள் கணிப்பே இறுதியானது என்றும் எண்ண வேண்டியதில்லை. வெந்த பகுதியைச் சுற்றி, பிழைக்கவும் கூடும், சாகவும் கூடும் என்ற நிலையில் ஒரு வளையம் இருப்பதை ஜாக்சன் என்ற மருத்துவர் 1953-இல் விளக்கினார். குளிர்ந்த நீர் காப்பாற்ற முயல்வது அந்த வளையத்தைத்தான். அது இரண்டு, மூன்று நாட்களில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும். ஆகவே, வீட்டில் வைத்துக் கவனிக்கும் காயத்தை மூன்றாம் நாள் நல்ல வெளிச்சத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். ஈரம் வற்றி வெளுத்திருந்தாலோ, சீழ் அல்லது காய்ச்சல் கண்டாலோ, நேற்று வரை இருந்த வலி காரணமின்றிக் காணாமல் போயிருந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். என்னைப்போல் ஐந்தாம் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.