கண்மாய்க் கலிங்கும் மீன் தொட்டியும்

புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. சமஸ்தான காலத்தில், 1910ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதைப் பார்க்கப் போகும் மாணவர்கள், திரும்பும் வழியில் ஒரு கண்மாய்க் கரையிலும் சற்று நில்லுங்கள். புதுக்கோட்டை மாவட்டமே கண்மாய்களின் நாடு. கவிநாட்டுக் கண்மாய் போன்ற பெரியவையும் உண்டு. பெயர் தெரியாத சிறியவையும் உண்டு. கரையின் ஓரிடத்தில், கரையைவிடத் தாழ்வாகக் கல்லால் கட்டிய ஒரு சுவரைக் காண்பீர்கள். அதுதான் கலிங்கு. மழைக்காலத்தில் மிகுந்த நீர் அதன்மேல் வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது. இந்தக் கல் சுவருக்கும் வீட்டில் வளர்க்கும் அழகு மீன்களுக்கும் என்ன தொடர்பு? பார்ப்போம்.

இரண்டு தொட்டிகள்

பெரிய மீன் தொட்டிகளின் அடியில், பார்வைக்குத் தெரியாமல், இன்னொரு தொட்டி வைப்பது வழக்கம். இதற்குச் ‘சம்ப்’ என்று பெயர். மேல் தொட்டியின் நீர் இதில் இறங்கி, வடிகட்டிகளின் வழியே சென்று, பம்ப் மூலம் மறுபடி மேலே ஏறுகிறது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஓடும் நீர்தான் அதைக் கொண்டுவருகிறது. ஆகவே ஓட்டம் நின்றால் மீன்களுக்கு ஆபத்து.

ஏற்றும் நீரும் இறங்கும் நீரும் சமமாக இருக்க வேண்டுமல்லவா? ‘ஏற்ற ஒரு பம்ப், இறக்க அதே அளவில் இன்னொரு பம்ப் வைத்தால் போயிற்று’ என்று உங்களுக்குத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்று மணிக்கு 1,200 லிட்டர் ஏற்றுகிறது. மற்றது 1,190 லிட்டர் இறக்குகிறது. வேறுபாடு 10 லிட்டர்தான். ஆனால் ஒரு நாளில் அது 240 லிட்டர்! 100 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் உள்ள தொட்டி கொள்வதோ 180 லிட்டர்தான். சம்ப் வற்றிப் பம்ப் வெறுமனே சுற்றும். அல்லது நீர் தரையில் ஓடும். ஒரே அளவில் வாங்கிய இரு பம்புகளும் சிறிது அழுக்கு சேர்ந்தாலே வேறுபட்டுவிடும்.

கலிங்கு சொல்லும் வழி

கண்மாய்க்கு எவ்வளவு நீர் வரும் என்று கலிங்கு கட்டியவருக்குத் தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை. வரத்து கூடினால் கலிங்கின் மேல் நீரின் உயரம் கூடுகிறது. உடனே வழிவதும் கூடுகிறது. வரத்து குறைந்தால் இரண்டும் குறைகின்றன. வருவதும் போவதும் சமமாகும் உயரத்தில் நீர்மட்டம் தானே நின்றுவிடுகிறது.

மீன் தொட்டியிலும் இதையே செய்கிறார்கள். ஏற்றுவதற்கு மட்டும் ஒரு பம்ப். இறங்குவதற்குத் தொட்டியின் ஒரு பக்கத்தில் சிறு கலிங்கு. மீன் போய்விடாதபடி சீப்புப் போன்ற தடுப்பு. கலிங்கைத் தாண்டிய நீர் குழாய் வழியே தானே கீழே விழுகிறது.

கலிங்கின் விளிம்பு 20 செ.மீ. நீளம் என்று கொள்வோம். மணிக்கு 1,200 லிட்டர் வழிய, விளிம்பின் மேல் ஏறத்தாழ 9 மி.மீ. உயரம் நீர் நின்றால் போதும். பம்பின் வேகத்தை இரு மடங்காக்கினால் உயரம் 18 மி.மீ. ஆகாது; சுமார் 15 மி.மீ.தான் ஆகும். ஏனெனில் உயரம் கூடும்போது நீரின் கனம் மட்டுமல்ல, அதன் வேகமும் கூடுகிறது.

மேல் மட்டம் இப்படி நிலைத்துவிடுவதால், ஆவியாகிப் போகும் நீரின் குறைவு சம்பில்தான் தெரியும். அங்கே ஒரு கோடு போட்டு, குறையும்போது நீர் ஊற்றவேண்டும்.

மின்சாரம் நின்றால்?

உண்மையான சோதனை இதுதான். பம்ப் நின்றதும் விளிம்புக்கு மேலுள்ள 9 மி.மீ. நீர், அதாவது சுமார் 4 லிட்டர், கீழே இறங்கும். அதனால் தொல்லை இல்லை. ஆனால் ஏற்றும் குழாயின் முனை நீர்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே மூழ்கியிருந்தால், அது சைஃபனாக மாறி, நீரைப் பின்னோக்கி இழுக்கும். முனை வெளியே தெரியும்வரை 40 லிட்டர் இறங்கிவிடும்! 60 செ.மீ. நீளமும் 35 செ.மீ. அகலமும் உள்ள சம்பில் இது 19 செ.மீ. உயர்வு. அவ்வளவு காலியிடம் இல்லையென்றால் வீடு நனையும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை இடலாம். மட்டம் இறங்கியதும் துளை வழியே காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். ஆனால் பாசி துளையை அடைக்கக்கூடும். ஆகவே சம்பில் போதிய இடத்தையும் எப்போதும் காலியாக விடவேண்டும். இறங்கும் குழாயும் அடைபடலாம். அதற்காகச் சற்று உயரத்தில் இரண்டாவது குழாய் ஒன்று வைப்பது நல்லது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேற்பகுதியை வெட்டி எடுங்கள். விளிம்பில் 2 செ.மீ. அகலமும் 3 செ.மீ. ஆழமும் உள்ள ஒரு பள்ளம் வெட்டுங்கள். குழாயடியில் வைத்து, நீரை மெல்லத் திறந்து, மட்டத்தைப் பேனாவால் குறியுங்கள். பிறகு சற்று வேகமாகத் திறந்து, மீண்டும் குறியுங்கள். ஒரு குவளை நிரம்பும் நேரத்தைக் கொண்டு இரு வேகங்களையும் அளக்கலாம். வேகம் இரு மடங்காகும்போது மட்டம் எத்தனை மடங்காகிறது?

விடையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் ஊர்க் கண்மாய் நிரம்பி வழியும்போது, பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, கரையில் எட்ட நின்று கலிங்கைப் பாருங்கள். நீங்கள் பாட்டிலில் பார்த்தது அங்கே பெரிதாக நடந்துகொண்டிருக்கும்.