உடம்பு வைத்த காலம்

ஐம்பது ஆண்டுகளுக்கு முன், திண்டுக்கல் தனி மாவட்டமாகாத காலத்தில், பழனி வட்டத்துக் கீரனூரில் நாற்பத்தைந்தைத் தொட்ட பெண் பெரும்பாலும் பாட்டியாகியிருப்பாள். மூத்த மகளுக்குக் கல்யாணம் முடிந்து, பேரனோ பேத்தியோ இடுப்பில் இருக்கும். அந்த வயதுக்காரியின் உடம்பு பெருத்திருக்கிறதா, சிறுத்திருக்கிறதா என்று யாரும் நின்று பார்த்ததில்லை. பார்வை படும் வயது கழிந்துவிட்டது என்பது ஊரின் எண்ணம். அவளுடைய எண்ணமும் அதுதான். 1960-களில் இந்தியப் பெண்ணின் சராசரி ஆயுளே நாற்பத்தைந்தைச் சுற்றித்தான் நின்றது. பச்சிளங் குழந்தைகளின் சாவு அந்தச் சராசரியைக் கீழே இழுத்தது என்பது உண்மை. ஆனாலும் நாற்பத்தைந்து என்பது வாழ்க்கையின் பின்பகுதி என்பதில் அன்று யாருக்கும் ஐயம் இருந்ததில்லை.

இன்று தமிழ்நாட்டுப் பெண்ணின் சராசரி ஆயுள் எழுபதைத் தாண்டிவிட்டது. நாற்பத்தைந்து வயதுக்காரிக்குப் பிள்ளைகள் இன்னும் கல்லூரியில் இருக்கிறார்கள். மகளிர் குழுக் கூட்டம், வங்கி வேலை, பழனிக்கு ஒரு நடை, இரண்டு கல்யாண வீடு என்று வாரம் ஓடுகிறது. முன்னால் இன்னும் முப்பது ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த முப்பது ஆண்டுக்கும் சேர்த்து ஓர் உடம்பு வேண்டும். அதை ஊர் பார்க்கிறது, அவளும் பார்க்கிறாள்.

பிறந்த வீட்டுக்கு வந்த மகளிடம் அம்மா கேட்கும் முதல் கேள்வி அன்று ஒன்றுதான்: "ஏங்கண்ணு, இப்படி இளைச்சுட்ட?" இளைப்பு என்றால் புகுந்த வீட்டில் சோறு போதவில்லை, அல்லது சொல்ல முடியாத கவலை, அல்லது காசம். மூன்றில் எதுவாக இருந்தாலும் அம்மாவுக்குத் தூக்கம் வராது. உடம்பு வைத்து வந்தாலோ, "பூசினாப்புல இருக்கா" என்று நிம்மதி. பெண் நல்ல இடத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இன்று மண்டபத்து வாசலில் ஒத்த வயதுக்காரி கையைப் பிடித்துக்கொண்டு, "என்னடி, இப்படி வெயிட் போட்டுட்ட?" என்கிறாள். கேட்கப்பட்டவள் சிரிக்கிறாள். பந்தியில் பாயசம் வரும்போது "எனக்கு வேண்டாம்" என்று இலைக்கு மேல் கையை வைத்து மறைக்கிறாள். இரண்டு கேள்வியிலும் அக்கறை இருக்கிறது என்பார்கள். எனக்கென்னவோ இரண்டாவதில் அது குறைவாகவே தெரிகிறது.

திரையும் இதே வழியில்தான் நடந்தது. சாவித்திரியும் சரோஜாதேவியும் நாயகிகளாக நின்ற காலத்தில் ஒட்டிய வயிற்றை யாரும் தேடவில்லை. 1990-களில்கூடக் குஷ்புவின் பெயரை ஓர் இட்லிக்கு வைத்து மகிழ்ந்தது தமிழ்நாடு. 2015-இல் வந்த 'இஞ்சி இடுப்பழகி'யில் பருமனான பெண்ணாக நடிக்க அனுஷ்கா மெனக்கெட்டு எடை கூட்ட வேண்டியிருந்தது. பருத்த பெண் கதையின் 'பிரச்சினை' ஆகிவிட்டாள் என்பதற்கு அந்தப் படமே சாட்சி. அது அவளுக்குப் பரிந்து பேசிய படம் என்பதும் உண்மை.

கணக்குக்கு வருவோம். 2005-06ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் உயரத்துக்குத் தக்க எடையில்லாமல் மெலிந்திருந்தவர்கள் நூற்றுக்கு 28.4 பேர். எடை கூடியவர்களும் பருமனானவர்களும் சேர்ந்து 20.9 பேர். 2019-21 கணக்கெடுப்பில் மெலிந்தவர்கள் 12.6 பேராகச் சுருங்கினார்கள்; எடை கூடியவர்கள் 40.4 பேராக விரிந்தார்கள். அதே ஆண்டுகளில் நாடு முழுவதற்குமான சராசரி 24 பேர்தான். பதினைந்து ஆண்டுக்குள் பசியின் வரிசையும் பருமனின் வரிசையும் இடம் மாறிக்கொண்டன. இதில் முதல் பாதியைச் சொல்லாமல் இரண்டாம் பாதியை மட்டும் சொல்லிப் பெருமூச்சு விடுகிறவர்களை நான் நம்புவதில்லை. அன்றைய பெண்ணின் ஒல்லியான உடம்பில் அழகைவிடப் பட்டினி அதிகம். எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டுக் கடைசியில் பானையை வழித்துத் தின்றவளின் உடம்பு அது. அடுத்தடுத்த பிரசவங்களும் சோகையும் சேர்ந்து இழைத்தது.

இந்தக் கணக்கெடுப்பில் இன்னொன்றும் உண்டு. எடை பார்ப்பது 49 வயதோடு நின்றுவிடுகிறது. பிள்ளை பெறும் வயதுதான் அதன் முதல் அக்கறை. ஆக, எடை கூடுகிறதே என்று ஒரு பெண் மிகவும் கவலைப்படத் தொடங்கும் வயதில் அவள் கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறாள்.

'கூடிய எடை' என்பதன் அளவும் ஊரில் பலரைத் திடுக்கிட வைக்கும். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் 25-ஐத் தொட்டால் அதிக எடை. ஒன்றரை மீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு அது 56 கிலோ சுமாருக்கு வரும். ஆசிய உடம்புக்கு 25 தாராளம், 23-லேயே விழித்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் சொன்னது. அப்படிப் பார்த்தால் 52 கிலோவிலேயே எச்சரிக்கை மணி அடிக்கிறது. அதே ஆண்டில் புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கினோடு தன்னையே ஒப்பிட்டு ஒரு படம் வெளியிட்டார். இருவருக்கும் அந்த எண் 22.3, ஆனால் யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 விழுக்காடு. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. கீரனூரில் எழுபதுகளில் ஒல்லியாகவே இருந்து சர்க்கரை நோயோடு போன பாட்டிமார்களின் கதை இதில் பாதி விளங்கிவிடுகிறது.

அன்று உடம்பு செய்த வேலையை இன்று உடற்பயிற்சி என்று பெயரிட்டால் அந்தப் பெண்கள் சிரிப்பார்கள். விடிவதற்குள் கிணற்றிலிருந்து நாலைந்து குடம் நீர், அம்மியில் மசாலா, ஆட்டுக்கல்லில் மாவு, உரலில் கம்பும் சோளமும் குத்துவது, பகலில் களையெடுப்போ பருத்தி எடுப்போ, சாயங்காலம் சுள்ளி பொறுக்குவது. தோள், முதுகு, முழங்கால் என எல்லாமும் இழுபட்டன. முழங்கால் தேய்ந்தது, முதுகு கூன் விழுந்தது, கருப்பை இறங்கியது. இவற்றை மறந்துவிட்டு ஆட்டுக்கல்லைப் புகழ்வது பிறர் ஆட்டித் தந்த மாவில் இட்லி தின்றவர்களின் வழக்கம்.

மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரைக் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் 1955-இல் உருவாக்கினார். வசதியுள்ள வீடுகளுக்கு அது எழுபதுகளில், எண்பதுகளில் வந்தது. மீதி வீடுகளுக்கு 2011 செப்டம்பரில் அரசு தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே வண்ணத் தொலைக்காட்சியும் எரிவாயு அடுப்பும் வந்திருந்தன. ஆட்டுக்கல் கொல்லைக்குப் போய்க் கவிழ்ந்தது. சில வீடுகளில் அதுதான் இப்போது துணி துவைக்க உட்காரும் கல். 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் முதல் கட்டமாக வந்த தமிழக மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. நடுவயதுப் பெண்கள் மண்வெட்டியும் தட்டுமாகக் குனிந்து நிமிர்வது இன்று பெரும்பாலும் அங்கேதான் மிச்சம்.

சாப்பாடும் மாறியது. கம்பங்களியும் சோளச்சோறும் தின்ற வயிற்றுக்கு நெல்லுச்சோறு அன்று விருந்து. 2008-இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011-இலிருந்து அந்த ஒரு ரூபாயும் இல்லை. மூன்று வேளையும் அரிசி என்பது எங்கள் தலைமுறையின் பெரிய வெற்றி. அதன் விலை பிறகுதான் தெரிந்தது. பழனியை ஒட்டிய கொங்குப் பக்கத்துச் சமையலில் கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் கேட்காமலே வரும். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழி இருந்தாலும், ஒல்லியாக இருந்தவர்களும் கொள்ளைத்தான் தின்றார்கள், மலிவாகக் கிடைத்ததால். இப்போது அதே கொள்ளு பொடியாகிப் பாக்கெட்டில் ஏறி, 'எடை குறைய' என்ற எழுத்தோடு அலமாரியில் நிற்கிறது.

எடை ஏன் கூடியது என்று கேட்டால் ஊரில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். 'குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் பண்ணதுக்கப்புறம்' என்பது ஒன்று. 'கர்ப்பப்பையை எடுத்ததுக்கப்புறம்' என்பது மற்றொன்று. கருக்குழாயைக் கட்டுவதால் சுரப்புகள் மாறுவதில்லை. ஆனால் தமிழ்நாட்டில் அந்த அறுவைசிகிச்சை நடக்கும் வயதும் உடம்பு பெருக்கத் தொடங்கும் வயதும் அடுத்தடுத்து வருவதால் பழி அதன் தலையில் விழுந்துவிட்டது. கருப்பையோடு சினைப்பைகள் இரண்டையும் எடுத்தவர்களுக்குக் கதை வேறு. அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் சுரப்பு சட்டென்று சரிந்துவிடுகிறது. இயல்பாகத் தீட்டு நிற்பது நம் நாட்டில் நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதில். அந்தச் சுரப்பு குறையும்போது தொடையிலும் இடுப்பிலும் தங்கிய கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. அன்றும் இதே வயதில் இதே மாற்றம்தான் நடந்தது. ஆனால் வெளியே தெரியும் அளவுக்கு மாறக் கொழுப்பு இருந்தால்தானே!

நாற்பதுக்கு மேல் உடம்பு எரிக்கும் வேகம் குறைந்துவிடும் என்பதும் எல்லோரும் நம்பும் ஒன்று. 2021-இல் ஆய்வாளர் ஹெர்மன் பொன்சரும் பிறரும் 29 நாடுகளைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அளந்து 'சயின்ஸ்' இதழில் எழுதியது வேறு. உடம்பின் பருமனுக்கேற்பக் கழித்துப் பார்த்தால், இருபதிலிருந்து அறுபது வரை அந்த வேகம் ஏறக்குறைய மாறுவதில்லை. குற்றத்தை வயதின் மேல் போட்டுத் தப்பிக்க முடியாது என்பது இதன் ஒரு பக்கம். இத்தனை காலம் தன் உடம்பைச் சபித்துக்கொண்டிருந்தவளுக்கு அது துரோகம் செய்யவில்லை என்று தெரிவது இன்னொரு பக்கம்.

அன்று ஒரு பெண்ணின் உடம்பை அளந்தவர் தையற்காரர் ஒருவர்தான். அவரும் நேரில் அளப்பதில்லை. அளவு ஜாக்கெட் போகும், புது ஜாக்கெட் வரும். விவரமானவர் உள்ளே இரண்டு மூன்று தையல் ஓட்டிக் கொஞ்சம் துணி விட்டிருப்பார். உடம்பு வைத்தால் ஒரு தையலைப் பிரித்துவிட்டால் போதும். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தரை மீட்டர் சேலையோ எந்த உடம்பையும் கேள்வி கேட்காமல் சுற்றிக்கொள்ளும். கண்ணாடி முகம் பார்க்கும் அளவுக்குத்தான் சுவரில் இருந்தது. ரயில் நிலையத்தில் காசு போட்டால் அட்டையில் எடையை அடித்துத் தரும் இயந்திரம் நின்றது. அட்டையின் மறுபக்கம் இருந்த ஜோசியத்தைப் படிப்பதற்காகவே ஏறியவர்கள் அதிகம்.

இன்று ஆயத்தச் சுடிதாரின் கழுத்துப்பட்டியில் எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று எழுதியே வருகிறது. நிலைக்கண்ணாடி பீரோவில் ஆளுயரத்துக்கு இருக்கிறது. கல்யாண வீட்டுப் படம் அன்று மாலையே குடும்ப வாட்ஸ்அப்பில் வந்துவிடும். எல்லோரும் முதலில் பெரிதாக்கிப் பார்ப்பது தன்னைத்தான். தன் முதுகையும் பக்கவாட்டையும் பார்த்தே இராத பாட்டிக்கு இருந்த சுதந்திரம் பேத்திக்கு இல்லை. மறுபுறம், சுடிதார் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டும் நாற்பத்தெட்டு வயதுக்காரியைப் பாட்டி கனவிலும் கண்டிருக்க மாட்டாள்.

பழனி மலைக்கு ஏறத்தாழ 690 படிகள். 1966-இல் விஞ்ச் வந்தது, 2004-இல் ரோப் கார். வலிக்கும் முழங்காலோடு எந்தப் பெண்ணும் முருகனைப் பார்க்காமல் திரும்ப வேண்டியதில்லை. அது பெரிய காரியம். முழங்கால் வலிக்காதவர்களும் விஞ்ச் வரிசையில்தான் நிற்கிறார்கள்.

உடம்பைக் குறைக்கும் வியாபாரமும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. காலையில் டம்ளரில் கலக்கிக் குடிக்கும் மாவு, தெரிந்த அக்கா ஒருவரே விற்பது. யூடியூப் சொல்லும் சீரகத் தண்ணீர். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ, ஜூனில் வெகோவி என வாரம் ஒருமுறை போடும் ஊசிகளும் இந்தியக் கடைகளுக்கு வந்தன. வந்தபோது மாதம் பல ஆயிரம் ஆன மருந்தைக் கீரனூரில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்க முடிந்திருக்கும்? அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை தொடங்கியது. எளிய யோசனை. நடக்கக் காசு வேண்டாம்.

நேரம் வேண்டும். 2019-இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், தம் வீட்டு வேலையைச் செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம். 2024-இல் 289. செய்கிற ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம், பிறகு 88. கிரைண்டரும் மிக்ஸியும் எரிவாயுவும் வந்த பிறகும் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். இயந்திரம் கையின் பாரத்தை எடுத்துக்கொண்டது, கடிகாரத்தை விட்டுவிட்டது. நாற்பத்தைந்து வயதுக்காரியிடம் மருத்துவர் சொல்லும் முக்கால் மணி நேர நடை அந்த 289-க்கு வெளியே எங்கேயோ இருக்கிறது. அதை எடுத்துத் தருவதென்றால் காலை டிபனை அந்த வீட்டில் வேறு யாராவது செய்தாக வேண்டும்.